மீன் தொட்டியும் லெம்னாவும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் ஜிலேபிக் கெண்டை வளர்க்கிறோம். தீவனச் செலவைக் குறைக்க எண்ணி அதிலேயே லெம்னா என்னும் மிதக்கும் சிறு நீர்ச்செடியை விட்டோம். பாதியை மீன்கள் உடனே தின்றுவிட்டன. மீதி ஒரு வாரத்தில் வெளுத்து அழிந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் நிரப்புகிறோம். என்ன குறை?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: குறை பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். இராமநாதபுரம் கடலோரத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஜிலேபிக் கெண்டை அதைத் தாங்கிக்கொள்ளும், லெம்னா தாங்காது. எனவே மீன் நலமாக இருப்பதை வைத்துத் தண்ணீரும் நலமென்று முடிவு செய்துவிட முடியாது. தொட்டி புதிதாகக் கட்டப்பட்டதென்றால் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பும் காரத்தன்மையைக் கூட்டும். பலமுறை நீர் நிரப்பி வடித்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

லெம்னாவைத் தனித் தொட்டியில் வளர்த்து, அள்ளி மீனுக்குப் போடுவதே என் பரிந்துரை. ஒரு சாண் ஆழமுள்ள அகன்ற பிளாஸ்டிக் தொட்டி போதும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைத்த மழைநீர் மிகச் சிறந்தது. குடிநீர்க் குழாய்த் தண்ணீரானால், குளோரின் வெளியேற ஒரு நாள் திறந்து வைத்த பின் பயன்படுத்தலாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா லெம்னாவுக்கு நல்ல உரம்தான் என்றாலும், தங்கள் மீன் தொட்டி நீர் உவர்ப்பாக இருக்கும்வரை அதை இங்கே ஊற்றாமல், வடிகட்டிய சாணக் கரைசலைச் சிறிதளவு சேருங்கள். வேர்கள் வழக்கத்தைவிட நீண்டு, இலை வெளிறினால் சத்துக் குறைவு என்று கொள்ளலாம். லெம்னாவுக்கு 20 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பமே உகந்தது. நம் சித்திரை வெயிலில் ஆழமற்ற நீர் விரைவில் கொதிப்பேறுமாதலால் நிழல்வலை அவசியம். உப்புக்காற்று நேராக வீசும் இடத்தையும், காற்றால் நீர் அலையும் இடத்தையும் தவிர்க்கவும்.

சூழல் அமைந்தால் இரண்டு மூன்று நாட்களில் இருமடங்காகும். அப்போது கால் பங்கை அள்ளிப் போடலாம். உலர்ந்த லெம்னாவில் புரதம் 40 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்று சொல்லப்படுவது உண்மையே. ஆனால் பச்சை லெம்னாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆகவே தீவனத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது.

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்களுடன் லெம்னா முழுவதும் மூடிவிட்டது. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: கூடாது. மேற்பரப்பு முழுவதும் மூடினால் காற்றிலிருந்து உயிர்வளி கரைவது தடைப்பட்டு, விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்குத் திணறும். பாதிப் பரப்பாவது திறந்திருக்கட்டும். காற்றுக் குழாயை வளையமாக இணைத்து மிதக்கவிட்டால் லெம்னா அதைத் தாண்டி வராது. அள்ளியதை ஊருணியிலோ குளத்திலோ கொட்டாமல் செடிகளுக்கு உரமாகப் போடுங்கள்.