பேக்போன்லயே சார்ஜ் இருக்கிற பாலிமர் டிசைன் பண்ண எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

மெம்ப்ரேனுக்கு அயனீன் (செயினோட முதுகெலும்புலயே, அதாவது பேக்போன்லயே, பாசிட்டிவ் சார்ஜ் உள்ள நைட்ரஜன் இருக்கிற பாலிமர்) பண்ணப் போறேன், எந்த ஸ்ட்ரக்சர் எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. அநேகமா முதல் வருஷ பிஎச்டியா இருப்பீங்க. ஸ்ட்ரக்சரை அப்புறம் பாருங்க, மொதல்ல அமீன் (நைட்ரஜன் இருக்கிற மூலப்பொருள்) பாட்டிலை டைட்ரேட் பண்ணி, உள்ள நிஜமா எத்தனை சதம் அமீன் இருக்குன்னு பாருங்க.

நான் பண்ணது 3,6-அயனீன், பயாலஜி லேப்ல வைரஸை செல்லுக்குள்ள ஏத்த யூஸ் பண்ற பாலிப்ரீன் இருக்கே, அதேதான். டெட்ராமெத்தில் ஹெக்ஸேன்டையமீனும் 1,3-டைப்ரோமோபுரோப்பேனும் சமமா போட்டா நைட்ரஜன்ல சார்ஜ் ஏறி ஏறி செயின் வளரும். 1933-லயே மார்வெல் குரூப் இந்த வகை ரியாக்‌ஷனைப் பண்ணியாச்சு, எனக்கு நாலு மாசமா வளரவே இல்ல. பெட்ரி டிஷ்ல ஊத்திக் காயவச்சா ஓரம் சுருண்டுக்கும், ட்வீசர் பட்டாலே அப்பளமா நொறுங்கிடும். குரூப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் "உனக்கு கவனம் பத்தல"ன்னு சொன்னாங்க, அது இன்னமும் வலிக்குது.

கடைசில ஒரு நாள் டைட்ரேட் பண்ணிப் பாத்தா, லேபிள்ல 99 சதம் போட்ட அமீன் 95தான் இருந்துச்சு, பல பேர் திறந்து திறந்து ஈரம் குடிச்ச பழைய பாட்டில். ரெண்டு மூலப்பொருள்ல ஒண்ணு 5 சதம் குறைஞ்சா ரியாக்‌ஷன் முழுசா முடிஞ்சாலும் செயினுக்கு சராசரியா 39 மோனோமர் (செயினோட கண்ணி) தான், 1 சதம்னா 199; செயின் குட்டையா இருந்ததாலதான் ஃபிலிம் நொறுங்குச்சு. இது பாடப்புத்தகத்துலயே இருக்கேன்னு சில பேர் வருவீங்க, இருக்குதான், ஆனா பாட்டிலை சந்தேகப்படணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.

புது பாட்டில் வாங்க மூணு கொட்டேஷன், கமிட்டி கையெழுத்துன்னு ஆறு வாரம் போச்சு. அந்த நேரத்துல ஃபெல்லோஷிப்பும் ஏழு மாசமா வரல, ரூம் வாடகைக்கு அண்ணன்கிட்ட கை நீட்டினேன், கேட்டா ஃபைல் மேல போயிருக்குன்னே பதில், இதை எங்க போய்ச் சொல்றது.

ஸ்ட்ரக்சருக்கு வர்றேன். ஆல்கலைன் ஃபியூயல் செல்லுக்குன்னா (அதுல மெம்ப்ரேன் வழியா ஹைட்ராக்சைடு அயன் போகும்) இந்த மாதிரி நேரான கார்பன் செயின் (அல்கைல்) அயனீன் வேண்டாம். ஹைட்ராக்சைடு, நைட்ரஜன்லேர்ந்து ரெண்டாவது கார்பன்ல இருக்கிற ஹைட்ரஜனை இழுத்துச்சுன்னா, சைடு செயின்ல சார்ஜ் உள்ள பாலிமர்ல அந்தக் குரூப் மட்டும் கழண்டு விழும், இதுல செயினே அறுந்துடும். கனடாவுல ஹோல்ட்கிராஃப்ட் குரூப் பென்ஸிமிடசோலியத்துக்குப் (பென்சீனோட ஒட்டின, ரெண்டு நைட்ரஜன் உள்ள சார்ஜ் வளையம்) போய், அதுல ஹைட்ராக்சைடு தாக்குற கார்பனை ரெண்டு பக்கமும் மெத்தில் வச்சு மறைச்சாங்க.

கேஸ் பிரிக்கிற மெம்ப்ரேன்னா சார்ஜுக்கு ஜோடியா இருக்கிற ப்ரோமைடை வேற அயனா மாத்திடுங்க, அது ஈரத்தை விடவே விடாது. புது பாட்டில் வந்தப்புறம் பாலிமரைத் தண்ணில கரைச்சு, ப்ரோமைடு இடத்துல தண்ணியை ஒதுக்குற அயனை உக்கார வைக்கிற லித்தியம் பிஸ்ட்ரைஃப்ளிமைடு உப்புக் கரைசலைச் சொட்டு சொட்டா விட்டேன், பால் திரியுற மாதிரி வெள்ளையா உருண்டு வந்துச்சு. அதுல போட்ட ஃபிலிமை ரெண்டா மடிச்சேன், ஒடையல.