பாக்கி வழக்கா? ஆவணங்களை இப்படி அடுக்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஓர் உணவகம் 18,000 வெள்ளி பாக்கி. மூன்று வருட வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்சடித்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. எதை நிரூபிக்க வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: உணவகக்காரர் ஆர்டர் கொடுத்தார், சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. ஆர்டருக்கு வாட்ஸ்அப் செய்தி, சரக்குக்கு அவர் ஆள் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டர் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு), பாக்கிக்கு இன்வாய்ஸும் வங்கிக் கணக்கு அறிக்கையும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே தொடராக எண் போடுங்கள். மேலே ஒரு பட்டியல் வையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் கவனம் தேவை. அன்றே எடுத்தால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்று’ என்றுதான் இருக்கும். சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு செய்திக்கும் தேதி, நேரம் வரும். உங்களுக்குப் பாதகமான செய்தியை வெட்டிவிடாதீர்கள், அது அவர் போனிலும் இருக்கிறது. வழக்கு முடியும்வரை பழைய போனை விற்காதீர்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் பணம் தர வேண்டிய கெடு என்றைக்கு முடிந்தது என்று உடனே பாருங்கள். அதைவிடப் பழைய பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது, ஒப்பந்த வழக்குக்குக் கெடு ஆறு வருடம்.

கேள்வி: கணக்கு நோட்டு தமிழில் இருக்கிறதே?

பதில்: தேவையான பக்கங்களுக்கு மட்டும், தகுதியான மொழிபெயர்ப்பாளர் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்குங்கள். அசல் பக்கத்தின் நகலையும் அதோடு வையுங்கள்.

கேள்வி: “பாதி தருகிறேன், முடித்துக்கொள்வோம்” என்று எதிர்த்தரப்பு எழுதிய கடிதத்தைச் சேர்க்கலாமா?

பதில்: தகராறைத் தீர்க்கப் பேசிய சமரசப் பேச்சு என்றால் பொதுவாகச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், எடுத்துவிடுங்கள். தகராறே இல்லாமல், “பாக்கியை அடுத்த மாசம் தர்றேன், டைம் கொடுங்க” என்று எழுதியிருந்தால் அது வேறு. அது கடனை ஒப்புக்கொண்டதற்கு நல்ல ஆதாரம், தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: ரசீதுகளை எத்தனை வருடம் வைத்திருக்கணும்?

பதில்: வரிக்காகக் குறைந்தது ஐந்து வருடம். வழக்கு வரலாம் என்று தோன்றினால் ஆறைத் தாண்டியும் வையுங்கள். கடை மெஷினில் வரும் வழவழப்பான ரசீது நாளானால் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, அசலோடு சேர்த்துப் பின் பண்ணிவிடுங்கள்.