ரூமி அழவே இல்லையா?

கேள்வி: மரணத்தை இறைவனோடு சேரும் மணநாள் என்கிறார் ரூமி. பாரசீக சூஃபிக் கவிஞர்கள் எல்லோருமே சாவைக் கொண்டாடியவர்கள்தான். அப்படியென்றால் சாவு வீட்டில் நாம் அழுது புரள்வது வெறும் அறியாமைதானே?

பதில்: இல்லை. தயவுசெய்து இதை எந்தச் சாவு வீட்டிலும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

'என் சவப்பெட்டி போகும் நாளில் ஐயோ ஐயோ என்று அழாதே, மண்ணுக்குள் போன எந்த விதை முளைக்காமல் இருந்தது' என்று ரூமி பாடியது உண்மை. 1273 டிசம்பர் 17 அன்று இன்றைய துருக்கியிலுள்ள கோன்யாவில் அவர் இறந்த இரவை இன்றும் மண இரவு என்றே அங்கே கொண்டாடுகிறார்கள், அதுவும் சரி. ஆனால் அந்தப் பாட்டில் பேசுவது யார்? சாகப்போகிறவர். ரூமியின் நெடுங்காவியமான மஸ்னவியில் வரும், நபிகளின் தோழர் பிலாலின் கதையும் அப்படித்தான். மனைவி 'பிரிவு வந்துவிட்டதே' என்று புலம்ப, 'இல்லை, இது சேரும் நேரம்' என்று சொல்வது மரணப் படுக்கையில் கிடக்கும் பிலால், துக்கம் விசாரிக்க வந்த யாரோ ஒருவர் இல்லை.

1258இல் ஸலாஹுத்தீன் இறந்தார். பொற்கொல்லர், ரூமிக்கு உயிர் நண்பர், போதாததற்குச் சம்பந்தி வேறு. தன்னை மேளதாளத்தோடு எடுத்துப் போகும்படி அவரே கேட்டிருந்தார், அப்படியே செய்தார்கள். அந்த ஸலாஹுத்தீனுக்கு ரூமி எழுதிய இரங்கற்பா எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'உன் பிரிவால் மண்ணும் விண்ணும் அழுதன.' அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை, ஒவ்வொரு ஈரடியும் அழுகையிலேயே போய் முடிகிறது. இவரையும் அறியாமைக் கணக்கில் சேர்ப்பீர்களா?

அப்புறம் அந்த 'எல்லோருமே'. இன்னொரு பாரசீக சூஃபிக் கவிஞரான நிஷாபூர் அத்தாரின் பறவைக் காவியத்தில் ஈஸா நபி (இயேசு) ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறார், இனிக்கிறது. அதே தண்ணீர் ஒரு மண்குடத்திலிருந்து கசக்கிறது. ஏன் என்று கேட்டால், 'நானும் மனிதனாக இருந்தவன், எத்தனை முறை குடமாக வனைந்தாலும் சாவின் கசப்பு என்னை விட்டுப் போகவில்லை' என்கிறது குடம். கொண்டாட்டமா இது? அதே நூலில், 'இப்படியொரு நாளை நான் கண்டதே இல்லையே' என்று தகப்பனின் பெட்டிக்கு முன்னால் அழும் மகனிடம் ஒரு சூஃபி, 'உன் அப்பாவும்தான் கண்டதில்லை' என்கிறார். உண்மையான கஷ்டம் மகனுக்கு இல்லை, தகப்பனுக்குத்தான் என்று அத்தார் வேறு சேர்த்துச் சொல்கிறார்.

சரி, சாவு வீட்டில் ரூமியைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் மஸ்னவியில் ஜூஹி என்ற வேடிக்கைப் பாத்திரத்தின் கதை இருக்கிறது. ஒரு பையன், 'அப்பா, விளக்கில்லாத, பாயில்லாத, ரொட்டியில்லாத வீட்டுக்கு உங்களைக் கொண்டுபோகிறார்களே' என்று அழ, கூட நடந்த ஜூஹி தன் அப்பாவிடம் சொன்னானாம்: 'இவரை நம்ம வீட்டுக்குத்தான் தூக்கிப் போகிறார்கள்!' அதையும் கருமாதி முடிந்த பிறகு சொல்லுங்கள்.