இரண்டு மேக் முகவரிகளை ஒரே மெம்காப்பியில் எழுதினால் கெர்னல் ஏன் எச்சரிக்கிறது? ஸ்ட்ரக்ட்_குரூப் போடுவது வெறும் வாயடைப்புதானே?

கேள்வியில் இருப்பது இதுதான்: விலான் (ஒரே வலையமைப்பைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை) தலைப்பில் சேருமிட முகவரி 6 பைட், அனுப்புநர் முகவரி 6 பைட். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால், முதல் முகவரியை இலக்காகக் கொடுத்து 12 பைட்டை மெம்காப்பியால் (நினைவகத்தில் பைட்டுகளை நகலெடுக்கும் சி மொழிச் செயற்கூறு) ஒரே மூச்சில் நகலெடுக்கிறீர்கள். வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வரி, புது கெர்னலில் எச்சரிக்கை தருகிறது. ஸ்ட்ரக்ட்_குரூப் போட்டதும் அது போய்விடுகிறது.

வாயடைப்பு இல்லை. நீங்கள் மனதில் வைத்திருந்ததை அந்த மேக்ரோ கம்பைலருக்கு எடுத்துச் சொல்கிறது. இரண்டு முகவரிகளையும் சேர்த்து ஒரு பெயர் வைக்கிறீர்கள். அந்தப் பெயரின் அளவு 12. உள்ளே நடப்பது ஒரு யூனியன் (ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள்) மட்டும்தான்: பழைய பெயர்களும் அப்படியே வேலை செய்யும், ஸ்ட்ரக்சரின் (பல உறுப்புகளை அடுத்தடுத்து வைக்கும் தரவுக் கட்டமைப்பு) அமைப்பு ஒரு பைட்கூட நகராது, ஓடும்போது கூடுதல் செலவும் கிடையாது. லினக்ஸின் விலான் தலைப்பிலேயே இப்படி ஒரு குழு இருக்கிறது. இரண்டு 6 பைட் நகலாகப் பிரித்து எழுதினாலும் சரிதான். ஆனால் ஸ்ட்ரக்சரின் தொடக்கத்தையே வெறும் பாயின்டராக மாற்றி இலக்காகக் கொடுத்து எச்சரிக்கையை ஓட்டுகிறார்கள் பாருங்கள், வாயடைப்பு என்றால் அதுதான். இலக்கு எந்த உறுப்பு என்ற தகவலே அங்கே அழிந்துவிடுகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நானே அடிபட்டிருக்கிறேன். முன்பு ஒரு வைஃபை டிரைவரில் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்து வைக்கும் பகுதியை எழுதினேன். ஸ்ட்ரக்சரில் நெட்வொர்க் பெயருக்கு 32 பைட், அதற்கு அடுத்த பைட் சேனல் எண், அப்புறம் சிக்னல் அளவு, இன்னும் சில கொடிகள். காற்றில் வரும் பீக்கனில் (வைஃபை நெட்வொர்க் தன்னை அறிவிக்கும் செய்தி) பெயர் எப்படி வரும் என்றால், வகைக்கு ஒரு பைட், நீளத்துக்கு ஒரு பைட், பிறகு பெயர். தரநிலைப்படி பெயர் 32 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த நீள பைட்டில் 255 வரை எதை வேண்டுமானாலும் போடலாம். நான் அந்த நீளத்தை எடுத்து நேராக மெம்காப்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

சோதனையில் ஒருவர் 40 எழுத்துப் பெயர் ஒன்றை அனுப்பினார், எல்லாம் ஆங்கிலச் சிறிய 'ஏ'. கெர்னல் விழவில்லை, அதன் பதிவேட்டில் (லாக்) ஒரு வரிகூட இல்லை. சேனல் மட்டும் 97 என்று காட்டியது. சேனல் கணக்கிடும் இடத்தை இரண்டு நாள் குடைந்தேன். 97 அந்த எழுத்தின் ஆஸ்கி எண் என்று உறைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பெயரின் 33-வது எழுத்து சேனலின் மேல் உட்கார்ந்திருந்தது.

அப்போதும் ஃபோர்ட்டிஃபை சோதனை (நகலின் அளவு இலக்கில் அடங்குகிறதா என்று பார்க்கும் கெர்னல் வசதி) இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றைய மெம்காப்பி சோதனை முழு ஸ்ட்ரக்சரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று மட்டும் பார்த்தது. 40 பைட்டும் ஸ்ட்ரக்சருக்குள்ளேயே விழுந்ததால் அதன் கண்ணில் படவில்லை. கெர்னல் பாதுகாப்பு வேலை செய்யும் கீஸ் குக் முன்னின்று செய்த மாற்றம் இந்த இடத்தைத்தான் இறுக்கியது. இலக்காகக் கொடுத்த உறுப்பின் அளவே இப்போது வரம்பு. உங்கள் 12 போல அளவு மாறிலியாக இருந்தால் கம்பைல் நேரத்திலேயே தெரியும்; ஸ்ட்ரக்ட்_குரூப் போடலாமே என்று எச்சரிக்கையே யோசனையும் சொல்லும். என்னுடையது போல ஓடும்போது தெரியும் நீளம் என்றால், அந்த இடம் முதல் முறை உறுப்பைத் தாண்டும்போது பதிவேட்டில் எச்சரிக்கை விழும். நகல் நிற்காது, அதனால் இதைப் பாதுகாப்புச் சுவர் என்று நம்பிவிடாதீர்கள். முழுப் பொருளின் எல்லையையே தாண்டினால்தான் சோதனை நகலை நிறுத்தும்.

2020-ல் வெளிவந்த புளூடூத் ஓட்டை, சிவிஇ-2020-24490, இதே குடும்பம்தான். விளம்பரத் தரவை வைக்க 31 பைட் இடம். பழைய விளம்பரங்கள் 31-ஐத் தாண்டாது என்பதால் நகலெடுக்கும் இடத்தில் யாரும் நீளத்தைப் பார்க்கவில்லை. புளூடூத் 5 வந்ததும் ஒரே அறிக்கையில் 229 பைட் வரை வர முடிந்தது. 31 என்ற வரம்பு நெறிமுறையில் இருந்ததே தவிர, அந்த மெம்காப்பியின் பக்கத்தில் இல்லை. நெறிமுறை வளர்ந்தது, வரி அப்படியே நின்றது.

சரி, குழு போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. இந்தச் சோதனை பார்ப்பது அளவுகளை மட்டும்தான். யுடிபி (இணையத்தில் பாக்கெட் அனுப்பும் நெறிமுறை ஒன்று) தலைப்பு 8 பைட். வந்த பாக்கெட்டின் நீளப் புலத்தில் 7 என்று இருந்து, நீங்கள் அதிலிருந்து 8-ஐக் கழித்துக் குறியில்லாத 32 பிட் எண்ணில் வைத்தால் கிடைப்பது 429 கோடிக்கு மேல். கழிப்பதற்கு முன்னால் சோதியுங்கள், கழித்த பின்னால் அல்ல. அதேபோல எஸ்கேபி-யின் (லினக்ஸ் கெர்னல் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் கட்டமைப்பு) தரவு முழுவதும் ஒரே தொடராக இருக்கும் என்று நினைத்துப் படிக்காதீர்கள். தேவையான பைட்டுகள் தொடர்ச்சியான முன்பகுதியில் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகே தலைப்பைத் தொடுங்கள்.

கடைசியில் நீளம் மாறும் அணி இருந்தால், கிளாங், ஜிசிசி ஆகிய கம்பைலர்களின் புதிய பதிப்புகள் இரண்டிலும் கவுன்டட்_பை குறிப்பு இருக்கிறது; எண்ணிக்கை எந்த உறுப்பில் என்று அதில் சொல்லலாம். ஆனால் எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் நகலெடுங்கள். வரிசை மாறினால் அணியின் அளவு பூஜ்யம் என்றே கம்பைலர் எடுத்துக்கொள்ளும், ஒழுங்கான நகலும் மாட்டிக்கொள்ளும்.

என் டிரைவரில் நான் செய்த திருத்தம் இரண்டே வரி. நீளம் பெயர் உறுப்பின் அளவைத் தாண்டினால் அந்த பீக்கனையே தூக்கி எறிந்தேன். 32-க்கு வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெட்டினால் இல்லாத ஒரு நெட்வொர்க்கின் பெயர் பட்டியலில் வந்து நிற்கும், அதனால் ஒத்துக்கொள்ளவில்லை. 0, 32, 33, 255 என நான்கு நீளங்களை அனுப்பிப் பார்க்கும் சோதனையையும் அன்றே கூடச் சேர்த்தேன்.