கொரோனா காலத்து லீவு, கிராஜுவிட்டி: கேள்வி பதில்

சம்பளக் கணக்கிலும் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) மதிப்பீட்டிலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கோவை, பம்ப் கம்பெனி கணக்காளர்: 2020 மார்ச் பேலன்ஸ் ஷீட்டில் கிராஜுவிட்டி, எடுக்காத லீவுக்குத் தரும் பணம் இரண்டுக்கும் ஒதுக்க வேண்டிய தொகை எகிறிவிட்டது. ஆளும் கூடவில்லை, சம்பளமும் ஏறவில்லை. இதைக் கணித்துத் தரும் ஆக்சுவரி தப்பாகப் போட்டுவிட்டாரா?

இல்லை சார். பல வருடம் கழித்துத் தரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, மார்ச் 31 அன்று அரசுப் பத்திரம் தரும் வட்டியைத்தான் எடுப்போம். பத்து வருடப் பத்திர வட்டி 2019 மார்ச் கடைசியில் 7.3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கொரோனா அடித்த அடியில் 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 5.15 சதவீதத்திலிருந்து 4.40-க்கு இறக்கியது. மாதக் கடைசியில் பத்திர வட்டி 6.1 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. பத்து வருடம் கழித்து 1 லட்சம் தர வேண்டுமென்றால், பழைய வட்டியில் இன்று சுமார் 49,400 ரூபாய் போதும். புதிய வட்டியில் சுமார் 55,300 வேண்டும். அதே ஆள், அதே சம்பளம், சுமை மட்டும் 12 சதவீதம் அதிகம்.

அடுத்த வருடம் லீவுக் கணக்கில் இன்னொரு அடி. ஊருக்குப் போக வழியில்லாமல் யாரும் லீவு எடுக்கவில்லை, நாட்கள் குவிந்தன. 2020-இல் மிச்சம் பிடித்த ஒரு நாளுக்கு 2020 சம்பளம் தந்தால் போதும் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். காசாக்கும் நாளில் என்ன சம்பளமோ, அதில்தான் தர வேண்டும்.

ஓசூர் தொழிலாளி: லாக்டவுன் நாட்களை என் ஈ.எல்.-இல் (ஈட்டிய விடுப்பில்) கழித்துவிட்டார்கள் அண்ணா. நியாயமா?

நியாயமில்லை தம்பி. லீவில் இருந்தாலும் வேலைக்கு வந்ததாகவே கருதுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள் என்று 2020 மார்ச் 20 அன்றே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சொன்னது. ஆனால் அது அறிவுரைதான். முழுச் சம்பளம் தரச் சொல்லி மார்ச் 29-இல் வந்த உத்தரவும் மே 18 முதல் விலக்கப்பட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம்.

இன்னொன்றைப் பாருங்கள். அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி, லே-ஆஃப் நாட்கள் (வேலை தர முடியாமல் முதலாளி நிறுத்திவைத்த நாட்கள்), சம்பளத்தோடு லீவு பெற வருடத்தில் வேலை பார்த்திருக்க வேண்டிய 240 நாள் தகுதிக்குச் சேரும். ஆனால் அந்த நாட்களுக்கு லீவு ஏறாது. எடுக்காத லீவை அடுத்த வருடத்துக்கு 30 நாள் வரைதான் கொண்டுபோகலாம். ஆனால் விதிப்படி கேட்டும் மறுக்கப்பட்ட லீவுக்கு இந்த வரம்பு கிடையாது. லீவு கேட்டு எழுதிய தாள் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை, அரசுப் பள்ளி ஆசிரியை: 2020-இல் நிறுத்திய ஈட்டிய விடுப்பு சரண்டர் (எடுக்காத லீவைக் கொடுத்துக் காசாக்குவது) பணம் போனது போனதுதானா?

நாட்கள் எங்கும் போகவில்லை டீச்சர், உங்கள் கணக்கில்தான் இருக்கின்றன. 2025 அக்டோபர் 1 முதல் வருடத்துக்கு 15 நாள் சரண்டர் திரும்பவும் வந்துவிட்டது. உண்மையில் அடிபட்டவர்கள், கணக்கில் சேர்த்துவைக்கக்கூடிய 240 நாள் உச்சவரம்பைத் தொட்டிருந்தவர்கள். அதற்குமேல் ஏறிய நாட்களை அவர்களால் காசாக்கவும் முடியவில்லை, சேர்த்துவைக்கவும் முடியவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

திருச்சி, மத்திய அரசு ஓய்வூதியர்: 2020 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். கொரோனாவால் டி.ஏ. (அகவிலைப்படி) உயர்வை முடக்கியதால் கிராஜுவிட்டி குறைந்துவிட்டதே?

திருத்தம் வந்தது ஐயா. கிராஜுவிட்டிக்கும் லீவுப் பணத்துக்கும் மட்டும் 17-க்குப் பதில் 24 சதவீத டி.ஏ. வைத்துக் கணக்கிட 2021 செப்டம்பரில் உத்தரவு போட்டார்கள். வித்தியாசம் வரவில்லையென்றால் பழைய அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

சென்னை, தனியார் ஊழியர்: குவிந்த லீவுப் பணத்துக்கு வரி உண்டா?

வேலையில் இருக்கும்போது வாங்கினால் முழுக்க வரி. ஓய்வு பெறும்போதோ, வேலையை விடும்போதோ வாங்கினால் விலக்கு உண்டு. அதன் உச்சவரம்பு வெறும் 3 லட்சமாக இருந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம்.