குழந்தையோடு சைக்கிளில்: கோபம் யார் மீது?

கேள்வி: வாகனங்கள் நெருக்கியடிக்கும் நகரச் சாலையில், மூன்று வயதுப் பிள்ளையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சைக்கிளில் போனார். பதறிப்போய் அவரை நிறுத்தி நன்றாகத் திட்டிவிட்டேன். இப்படிப்பட்ட பொறுப்பற்ற பெற்றோரைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டாமா?

பதில்: நீங்கள் பதறியதில் தவறில்லை, திட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த ஆள்தான் தவறு. அந்தச் சாலையில் அடுத்தவர் உயிரைப் பறிக்கக்கூடிய வேகத்தில் எத்தனையோ பேர் போய்க்கொண்டிருக்க, கைகாட்டினால் நிற்கக்கூடியவர் என்பதாலேயே அந்தத் தந்தை உங்களிடம் மாட்டிக்கொண்டார்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து, உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வருபவரோ, சுதாரித்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால்கூட, அதே 13 மீட்டரில் வேகத்தைக் குறைக்கவே தொடங்கியிருக்க மாட்டார். சைக்கிளில் இருப்பது குழந்தையா பெரியவரா என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெயர் வைத்தே பெற்றோர் அங்கே இயக்கம் நடத்தினார்கள். பிற்பாடு அந்நாடு குடியிருப்புத் தெருக்களில் வாகன வேகத்தைக் குறைத்து, பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்ததே தவிர, பிள்ளைகளைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடவில்லை.

இதனால் பெற்றோருக்குப் பொறுப்பே கிடையாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் சைக்கிளில் அடிபடுவதற்குப் பல நேரங்களில் வேறு வாகனமே தேவைப்படுவதில்லை. ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுப் பையை எடுக்கத் திரும்பும் அந்த ஒரு நொடியில், மேல்பாரம் கூடிய வண்டி, பிள்ளை சற்றே சாய்ந்தாலும் அப்படியே கவிழ்ந்துவிடும். ஆகவே கடைசியாக ஏற்ற வேண்டியதும் முதலில் இறக்க வேண்டியதும் குழந்தையைத்தான். அதைவிடக் கொடியது, தூக்கக் கலக்கத்தில் தளர்ந்து தொங்கும் கால் சக்கரக் கம்பிக்குள் சிக்குவது. சுழலும் கம்பி குதிகால் சதையைக் கிழித்துவிடும். காலை மறைக்கும் தடுப்பும் பாதத்தைக் கட்டும் வாரும் இல்லாத இருக்கையில், அடுத்த தெரு வரைக்கும்கூடப் பிள்ளையை ஏற்றக் கூடாது. வார் பூட்டிய, அளவான தலைக்கவசம் வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சாலை என்பதும் முக்கியம். லாரியும் பேருந்தும் விரையும், தனிப்பாதை இல்லாத பெருஞ்சாலையில் குழந்தையோடு போவதை நானும் ஏற்க மாட்டேன். சுற்றுவழியானாலும் உள்தெருக்களில் போகலாம், அது இல்லாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு எந்நேரமும் திறக்கலாம் என்பதால் அவற்றிலிருந்து ஒரு மீட்டராவது விலகி ஓட்ட வேண்டும். திரும்பக் காத்திருக்கும் லாரியின் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அங்கே இருப்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குப் படாமலே போகலாம்.

தடைச் சட்டம் வேண்டாம். அப்படியொரு சட்டம் வந்தால் அந்தத் தந்தை நாளை பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே நெரிசலில் இன்னொரு வண்டியாக வந்து சேர்வார். சட்டம்தான் கேட்க வேண்டுமென்றால், பள்ளிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் 30 கி.மீ.க்கு மேல் யாரும் போகக் கூடாது என்று கேட்டு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை நீங்கள் திட்டிய அந்த மனிதரிடமே வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு மட்டும் பாக்கியிருக்கிறது.