டீசல் ஃபோர் வீல் வண்டியில் மைலேஜ் எங்கே போகிறது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2017 மாடல் மஹிந்திரா தார் டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். கம்பெனி டயர் 235/70 ஆர்16. அதை மாற்றி 245/75 ஆர்16 மட் டெரெய்ன் (சேற்றுப் பாதைக்கான) டயர் போட்டேன். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11.5 தான் கொடுக்கிறது. டயர்தான் காரணமா? (பொள்ளாச்சி வாசகர்)

டயர்தான் காரணம். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு நஷ்டம் இல்லை. பழைய டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர், புதியது சுமார் 774. அதாவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே பெரியது. மீட்டருக்கு இந்த மாற்றம் தெரியாது, அது சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகிறது. மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 105 ஓடியிருக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் 11.5 என்பது 12.1. ஸ்பீடோமீட்டரும் இதேபோல் முன்பைவிடக் குறைத்தே காட்டும், வேகக் கட்டுப்பாடு உள்ள சாலையில் இதை மறக்க வேண்டாம்.

மீதி 0.9 உண்மையான இழப்பு. மட் டெரெய்ன் டயரின் பெரிய ரப்பர் கட்டைகள் தார்ச் சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகின்றன, அந்த வேலைக்கான சக்தி டீசலிலிருந்துதான் வருகிறது. டயரின் எடையும் கூடியிருக்கும். விட்டம் பெரிதானதால் கியர்களும் நீண்டுவிட்டன, அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் முன்பைவிட மெதுவாகச் சுற்றுகிறது. முன்பு 60 கிலோமீட்டரில் ஐந்தாவது கியர் தாங்கிய இடத்தில் இப்போது இன்ஜின் திணறும். திணறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நான்காவதுக்கு இறங்குங்கள், இதிலேயே கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச் சாலை என்றால் அடுத்த முறை ஆல் டெரெய்ன் (சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான) டயர் போடுங்கள். சேற்றில் வாரம் ஒருமுறை இறங்குபவருக்குத்தான் மட் டெரெய்ன் நியாயம்.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் அளவே தவறாக இருக்கிறது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், வண்டி சமதளத்தில். நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக இருக்கட்டும் என்று மேலும் அடிக்க வேண்டாம். டீசல் நுரைக்கும், நுரையைப் பொறுத்து ஒரு லிட்டர் முன்னே பின்னே போகும். 10 லிட்டர் போட்டு அளந்தால் அந்த ஒரு லிட்டர் 10 சதவீதப் பிழை; 40 லிட்டரில் 2.5 சதவீதம்தான். எனவே குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட்டிய பிறகே கணக்குப் போடுங்கள். டேஷ்போர்டில் காட்டும் மைலேஜ் ஒரு மதிப்பீடு மட்டும்.

கேள்வி: 1,10,000 கிலோமீட்டர் ஓடிய காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும்) டீசல் 4x4. ஆறு மாதத்தில் மைலேஜ் 13-லிருந்து 10-க்கு வந்துவிட்டது. டயர், பாதை எதுவும் மாறவில்லை. நான்கு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசல் தெளிப்பவை) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (தேனி வாசகர்)

இன்னும் மாற்ற வேண்டாம். இன்ஜெக்டர் கடைசியில் பார்க்க வேண்டியது. செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவோம்.

முதலில் பிரேக். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை அதிகம் தொடாமல் வண்டியைத் தானாக ஓய விட்டு நிறுத்துங்கள். நான்கு ரிம்மின் நடுப்பகுதியையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கருவி இல்லையென்றால் கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். சேறும் தண்ணீரும் பார்க்கும் வண்டியில் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ‘ஸ்லைடு பின்’ துருப்பிடித்து இறுகுவது மிகச் சாதாரணம். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றினால் போதும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் இருப்பதும் இதே விளைவைத் தரும்.

இரண்டாவது, இன்ஜின் சூடு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடும். யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் சூடு ஏறினால் பயப்படும் நாம் சூடு ஏறாவிட்டால் சந்தோஷப்படுகிறோம். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், எரிதல் சரியாக நடக்காது, கம்ப்யூட்டரும் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி மாட்டிப் பாருங்கள். பத்து கிலோமீட்டருக்குள் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். இறக்கத்தில் 60-களுக்கு விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, காற்று வரும் வழி. ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடைத்திருந்தால் புதிது போடுங்கள். கம்ப்ரசர் காற்றை மிக அருகில் வைத்து அடித்தால் காகிதம் கிழியும், அந்தக் கிழிசல் வழியாகத் தூசு டர்போவுக்குப் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) போகும். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். கிளாம்ப் அருகே எண்ணெய் ஈரத்தில் தூசு ஒட்டிக் கறுத்திருந்தால் காற்று அங்கே கசிகிறது. ஏற்றத்தில் இழுவை குறைவது, கறுப்புப் புகை, விசில் சத்தம் ஆகியவை துணைச் சாட்சிகள். ஹோஸின் அடிப்பக்கத்து விரிசல் கண்ணில் படாது, கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சரில் அழுக்குப் படிந்தாலும், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கினாலும் மைலேஜ் விழும். சென்சருக்கு அதற்கென்று விற்கும் ஸ்பிரே மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் கிளீனரோ, துணியோ, விரலோ படக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் திரும்பும் டீசலையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து, இன்ஜினை ஐடிலில் (வண்டி நிற்க, ஆக்சிலேட்டர் தொடாமல்) சில நிமிடம் ஓட்டினால் எது தேய்ந்தது என்று பாட்டிலே காட்டும். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் திரும்பினால் அந்த ஒன்றை டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்கள். மாற்றினால் புதிய செம்பு வாஷர் கட்டாயம், குறியீடு அச்சிட்ட இன்ஜெக்டர் என்றால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் விட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் ஐடில் நடுங்கும், புகை வரும், மைலேஜும் திரும்பாது.

கேள்வி: எஸ்டேட்டில் பழைய பார்ட் டைம் ஃபோர் வீல் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும்) ஜீப் இருக்கிறது. முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் திருகும் லாக் உண்டு. எப்போதும் லாக்கிலேயே வைத்திருக்கிறோம். இதனால் டீசல் அதிகம் செலவாகுமா? (ஏற்காடு வாசகர்)

கொஞ்சம் ஆகும். லாக்கில் இருந்தால் சக்கரமும் ஆக்சிலும் இணைந்திருக்கும்; லீவர் டூ வீலில் இருந்தாலும் முன் ஆக்சில் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் (இரு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி), முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டே வரும். ஃப்ரீ நிலையில் வைத்தால் இவை நிற்கும், தேய்மானமும் குறையும். இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை லாக் போட்டு மண் பாதையில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள், இல்லையென்றால் முன் டிஃபரென்ஷியலின் மேல்பகுதிக்கு ஆயில் போகாது. மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போகும் முன்பே லாக் போட்டுக்கொள்ளுங்கள், சேற்றில் மாட்டிய பிறகு இறங்கித் திருகுவது பெரும்பாடு.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். பார்ட் டைம் வண்டியில் நடுவே டிஃபரென்ஷியல் இல்லாததால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும். டயர் தேயும், டீசல் போகும், கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) போகும். லீவர் திரும்ப வர மறுத்தால் முறுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். சில மீட்டர் நேராகப் பின்னால் எடுத்தால் விடும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நான்கு பேர் போனோம். சமவெளியில் 13 தரும் வண்டி ஏறும்போது 7 தான் கொடுத்தது. வண்டியில் கோளாறா? இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் ஈடு கட்ட முடியுமா? (கோவை வாசகர்)

கோளாறு இல்லை. கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர், ஆட்களோடு வண்டி சுமார் 2 டன். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க 37 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது, சக்கரத்துக்கு வருவது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆக, தூக்குவதற்கு மட்டும் 3 லிட்டர் போகிறது. சமவெளியிலேயே 50 கிலோமீட்டருக்கு 3.8 லிட்டர் குடிக்கும் வண்டி இது. இரண்டும் சேர்ந்து 6.8 லிட்டர், அதாவது லிட்டருக்கு 7.3. உங்கள் வண்டி நன்றாகவே இருக்கிறது. இதே கணக்கில் 100 கிலோ இரும்பு பம்பரும் வின்ச்சும் ஒரு ஏற்றத்துக்கு 150 மில்லி டீசல் கேட்கும்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் காமன் ரெயில் இன்ஜின் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும், சக்கரம் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் என்று நினைப்பது உண்மையில் செலவு. அதோடு, ஏறும்போது சேர்ந்த அத்தனை சக்தியையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும் விபத்துகள் கொண்டை ஊசி வளைவுகளில் இப்படித்தான் நடக்கின்றன. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: மேலே கேரியர், ஜெர்ரி கேன் எல்லாம் எப்போதும் கட்டியே இருக்கும். நான்குவழிச் சாலையில் மைலேஜ் இறங்குகிறது. (விழுப்புரம் வாசகர்)

கழற்றி வையுங்கள். பெட்டி மாதிரி முகமுள்ள வண்டிக்குக் காற்றே முதல் எதிரி. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது, கேரியர் அதை இன்னும் கூட்டும். வேகத்தை 80-85-இல் வைத்தால் எந்த உதிரி பாகமும் வாங்காமலே வித்தியாசம் தெரியும். மணலில் ஓட்ட டயர் காற்றைக் குறைத்திருந்தால், சாலை ஏறும் முன் டிரைவர் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

கேள்வி: பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி. தினமும் 5 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருகிறேன். சில நாள் மைலேஜ் திடீரென்று விழுகிறது, இன்ஜின் ஆயில் அளவு கூடுகிறது. (சென்னை வாசகர்)

டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்ய முயல்கிறது. அதற்குள் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதற்காகக் கம்ப்யூட்டர் கூடுதல் டீசல் தெளிக்கும். நீங்கள் பாதியில் இன்ஜினை அணைத்தால் வேலை முடியாது, அடுத்த நாள் மறுபடி தொடங்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், அதனால்தான் அளவு ஏறுகிறது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள், நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை 60-க்கு மேல், 2,000 ஆர்பிஎம் அருகே, 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். ஐடில் வேகம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றினாலோ சுத்தம் நடக்கிறது என்று பொருள். அப்போது வீடு வந்துவிட்டாலும் இன்னொரு சுற்று போய் வாருங்கள். வடிகட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அது சட்டவிரோதம், அந்தக் கரியைச் சுவாசிப்பது பின்னால் வருகிறவரும் உங்கள் தெருப் பிள்ளைகளும்தான்.

கேள்வி: டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், ஓபிடி-யில் சொருகும் சிப், டேங்கில் போடும் மாத்திரை ஆகியவற்றில் எது பலன் தரும்? (திருச்சி வாசகர்)

எதுவும் தராது. அந்தப் பணத்தில் டீசல் ஃபில்டரை மாற்றி, அதன் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. பம்ப் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் ரெயிலுக்கும் நான்கு இன்ஜெக்டருக்கும் போய்விடும். பிறகு டேங்கிலிருந்து தொடங்கி மொத்த அமைப்பையும் கழற்றிச் சுத்தம் செய்து மாற்ற வேண்டி வரும்.